கேரல் பர்னெட்: ஒற்றை அறையிலிருந்து வந்த மூன்று தொழில்கள்

‘பாம் ராயல்’ தொடரில் நோர்மாவாக வரும் முதிய பெண்மணியைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது இது: “கேரல் பர்னெட் என்று தேடினால் ஓரிடத்தில் நகைச்சுவை நடிகை என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் தொலைக்காட்சித் தொகுப்பாளர், வேறோரிடத்தில் எழுத்தாளர். உண்மையில் இவர் எந்தத் துறைக்காரர்? எதிலிருந்து தொடங்கினால் இவரைப் புரிந்துகொள்ளலாம்?”

மூன்றும் அவர்தான். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் வரிசை, அதாவது முதலில் நடிகை, பிறகு தொகுப்பாளர், வயதான பிறகு எழுத்தாளர் என்பது, என் பார்வையில் தலைகீழ். எழுத வேண்டும் என்ற ஆசையில்தான் அவர் கல்லூரிக்கே போனார். நடிப்பு நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. தொகுப்பாளர் வேலை பயந்து பயந்து ஏற்றுக்கொண்டது. மூன்றுக்கும் சரக்கு வந்த இடம் ஒன்றே: ஹாலிவுட்டில் பாட்டியோடு வாழ்ந்த ஒரு ஒற்றை அறை. அந்த அறையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன்.

1933 ஏப்ரல் 26 அன்று டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரையும் குடி பிடித்திருந்தது. பெற்றோர் பிழைப்புத் தேடி ஹாலிவுட் பக்கம் போய்விட, குழந்தையை வளர்த்தவர் அம்மாவின் அம்மா. கேரல் அவரை ‘நேனி’ என்று கூப்பிடுவார். பிறகு பாட்டியும் பேத்தியும் ரயிலேறி ஹாலிவுட்டுக்கு வந்து, ஒரு பழைய அடுக்ககத்தில் ஒரே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். சுவரிலிருந்து இழுத்துப் போடும் கட்டில் பாட்டிக்கு. சோபா பேத்திக்கு. அம்மா அதே கட்டிடத்தில் வேறோர் அறையில். கையில் காசில்லை; அரசு தரும் உதவித்தொகையில் நாள் நகர்ந்தது.

அந்த வறுமையிலும் இருவரும் விடாத ஒன்று சினிமா. ஒரே வாரத்தில் பல படங்கள் பார்த்துவிடுவார்கள். பார்த்துவிட்டு வந்ததும் கேரலும் உறவுக்காரப் பெண் ஒருத்தியும் வீட்டில் அதே படத்தை நடிப்பார்கள். அந்தப் பெண் அழகி என்பதால் டார்ஸான் படம் பார்த்துவிட்டு வந்தால் ஜேன் வேடம் அவளுக்கு, டார்ஸான் வேடம் கேரலுக்கு. அப்படித்தான் அந்தக் காட்டுக் கூச்சல் அவர் தொண்டையில் ஏறியது. பின்னாளில் நேயர்கள் அவரைப் பார்க்கும் இடமெல்லாம் “ஒருமுறை டார்ஸான் மாதிரி கத்துங்கள்” என்று கேட்டார்கள், அவரும் கத்தினார். அழகான வேடம் தனக்குக் கிடைக்காது என்பதை ஒரு சிறுமி ஏற்றுக்கொண்டு, கிடைத்த வேடத்தை மற்றவர் மறக்க முடியாதபடி செய்துகாட்டிய முதல் இடம் அது என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு விளையாட்டும் அந்தக் கட்டிடத்தில் நடந்தது. தனக்கு கேரன் என்று ஓர் இரட்டைச் சகோதரி இருப்பதாக கேரல் கதை கட்டினார். உடையை மாற்றிக்கொண்டு, தீ விபத்துக்காகக் கட்டடத்தின் வெளிப்பக்கம் போட்டிருக்கும் இரும்புப் படிக்கட்டு வழியாக ஏறி இறங்கி, கேரலாக உள்ளே போய் கேரனாக வெளியே வருவார். குடியிருந்தவர்கள் சிலர் நம்பியும் விட்டார்கள். கடைசியில் உடை மாற்றி ஓடி ஓடிக் களைத்துப்போய், கேரனைக் காணாமல் போக்கிவிட்டார். பிற்காலத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குள் கிழவியாக, ராணியாக, துப்புரவுப் பெண்ணாக மாறி மாறி வந்தவரின் பயிற்சிப் பட்டறை அந்த இரும்புப் படிக்கட்டுதான்.

எழுத்து எங்கே வந்தது? அவருடைய அம்மாவுக்கு சினிமா நட்சத்திரங்களைப் பேட்டி கண்டு பத்திரிகைகளுக்கு எழுத வேண்டும் என்ற ஆசை இருந்தது. அது பெரிதாகக் கைகூடவில்லை. மகளிடம் அவர் சொன்னது, முகம் எப்படி இருந்தாலும் எழுத்து கைகொடுக்கும் என்பது. கேட்க வலிக்கும் வார்த்தை, ஆனால் கேரல் அதைப் பிடித்துக்கொண்டார். பள்ளிப் பத்திரிகையில் வேலை செய்தார், பத்திரிகையாளராக வேண்டும் என்று தீர்மானித்தார். 1951இல் ஹாலிவுட் உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது கல்லூரிக் கட்டணத்துக்கு வழியில்லை. ஒருநாள் அஞ்சல் பெட்டியில் அவர் பெயர் எழுதிய உறை, உள்ளே 50 டாலர். யார் வைத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பணத்தில் லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே இளநிலையில் இதழியல் படிப்பு இல்லை. நாடகம் எழுதும் வகுப்பு இருக்கிறதே என்று நாடகத் துறையில் சேர்ந்தார். அந்தத் துறையில் யாராக இருந்தாலும் நடிப்பு வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். வேண்டா வெறுப்பாகப் போனவர், மாணவர்கள் எழுதிய ஒரு குறுநாடகத்தில் மலைநாட்டுப் பெண்ணாக வந்து முதல் வசனத்தை இழுத்துச் சொன்னதும் அரங்கம் சிரித்தது. தனக்குள் இருந்த குளிரும் வெறுமையும் விலகி ஒரு கதகதப்பு வந்து சூழ்ந்துகொண்டதாக அந்தச் சிரிப்பை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். பத்திரிகைக் கனவு அன்றைக்கே பின்னுக்குப் போயிற்று. போனதே தவிர, அணையவில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த இடத்தில் ஓர் அந்நியர் வருகிறார். பேராசிரியர் ஒருவருக்காக சான் டியாகோவில் நடந்த ஒரு விருந்தில் மாணவர்கள் பாடி நடித்துக்காட்டினார்கள். நிகழ்ச்சி முடிந்து, பாட்டிக்குக் கொண்டுபோகலாம் என்று சிற்றுண்டிகளைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்த கேரலின் தோளை யாரோ தட்டினார்கள். பிடிபட்டோம் என்று பயந்து திரும்பினால், விருந்துக்கு வந்திருந்த செல்வந்தர் ஒருவர். “அடுத்து என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டார். நியூயார்க் போக வேண்டும், பணமில்லை என்றார் கேரல். அவருக்கும் உடன் நடித்த காதலருக்கும் ஆளுக்கு 1,000 டாலர் கடனாகத் தர அவர் முன்வந்தார். வட்டி கிடையாது. நிபந்தனைகள் நான்கு: பணத்தை நியூயார்க் போகத்தான் பயன்படுத்த வேண்டும், ஐந்து ஆண்டுகளில் திருப்பித் தர வேண்டும், அவர் பெயரை வெளியே சொல்லவே கூடாது, முன்னுக்கு வந்தால் வேறு யாருக்காவது இதேபோல உதவ வேண்டும். கேரல் கடனைத் தவணை தவறாமல் அடைத்தார். பெயரை இன்றுவரை சொல்லவில்லை. இத்தனை நூல்கள் எழுதியும், ஆயிரக்கணக்கான கேள்விகளுக்கு மேடையில் பதில் சொல்லியும், அந்த ஒரு பெயர் மட்டும் வெளியே வரவில்லை. அவருடைய குணம் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நியூயார்க்கில் நாடகக் கனவோடு வரும் இளம்பெண்களுக்கென்று ‘ரிஹர்சல் கிளப்’ என்ற விடுதி இருந்தது. அங்கே தங்கி, ஓர் உணவகத்தில் வாடிக்கையாளர்களின் தொப்பிகளையும் மேலங்கிகளையும் வாங்கி வைக்கும் வேலை பார்த்தார். வாய்ப்புக் கேட்டுப் போன இடமெல்லாம், “நீ நடிப்பதைப் பார்த்தால்தானே சொல்ல முடியும்?” என்றார்கள். சரி, நாமே ஒரு நிகழ்ச்சி போடுவோம் என்று விடுதிப் பெண்களைத் திரட்டி 1955இல் மேடையேற்றிவிட்டார். அதைப் பார்க்க முகவர்கள் வந்தார்கள். அதே ஆண்டில் பால் வின்செல் என்ற பேசும் பொம்மைக் கலைஞரின் நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. செய்தி கேட்ட பாட்டி, “டிவியில் எனக்கு ஒரு ஹலோ சொல்லு” என்றார். பேரைச் சொல்லி ஹலோ சொல்ல நிலையம் விடாது. அதனால் இருவரும் ஒரு சைகையை முடிவுசெய்தார்கள்: இடது காதை ஒருமுறை இழுப்பது. ‘நான் நன்றாக இருக்கிறேன், உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று அதற்கு அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் ஏற்றம் வேகமாக வந்தது. 1957இல் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டலஸ் மீது காதல் பித்துப் பிடித்த பெண்ணாக ஒரு நகைச்சுவைப் பாட்டு பாடினார். மனிதர் சிரிப்பே இல்லாத முகத்துக்குப் பெயர்போனவர். அதனால்தான் அது எடுபட்டது. ஒரு பேட்டியில் இதைப் பற்றிக் கேட்டபோது டலஸே, காதல் விவகாரங்களைப் பொதுவெளியில் பேசுவதில்லை என்று பதில் சொல்லிவிட்டுப் போனார். 1959இல் ‘ஒன்ஸ் அப்பான் எ மேட்ரஸ்’ இசை நாடகத்தில் இளவரசி வேடம். இருபது மெத்தைக்கு அடியில் வைத்த பட்டாணி உறுத்தித் தூக்கம் வராத இளவரசியின் கதை அது. மென்மையான ராஜகுமாரியை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முன்னால் அரங்கம் அதிரக் குரலெடுத்துப் பாடும் ஒரு முரட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதே ஆண்டில் ‘கேரி மூர் ஷோ’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிரந்தர இடம், 1962இல் அதற்காகத் தொலைக்காட்சித் துறையின் எமி விருது. அந்த ஆண்டே பாடகியும் நடிகையுமான ஜூலி ஆண்ட்ரூஸோடு கார்னகி அரங்கில் அளித்த நிகழ்ச்சி தொலைக்காட்சியில் வந்து, அதுவும் எமி வாங்கியது.

இப்போது தொகுப்பாளர் கதைக்கு வருவோம். கேரி மூர் நிகழ்ச்சிக்குப் பிறகு சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்தோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டார். அதில் ஒரு பிரிவு இருந்தது. முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் கேரல் விரும்பினால், ஒரு மணி நேரப் பல்சுவை நிகழ்ச்சி முப்பது வாரங்களுக்கு அவருக்குத் தரப்பட வேண்டும். நிறுவனம் மறுக்க முடியாது. ஐந்தாம் ஆண்டு முடியப்போகும் கடைசி வாரம், 1966 கிறிஸ்துமஸ் கழிந்த நாட்கள். கேரலும் கணவர் ஜோ ஹாமில்டனும் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தப் பிரிவைப் பயன்படுத்திக்கொள்கிறோம் என்றார்கள். எதிர்முனையில் இருந்த அதிகாரிக்கு அப்படியொரு பிரிவு இருப்பதே நினைவில் இல்லை. மறுநாள் பேசும்போது, பல்சுவை நிகழ்ச்சி நடத்துவது ஆண்களின் வேலை, உங்களுக்கு ஒரு குடும்ப நகைச்சுவைத் தொடர் எடுத்து வைத்திருக்கிறோம், அதைச் செய்யுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். கேரல் நகரவில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது. 1967 செப்டம்பர் 11 அன்று ‘தி கேரல் பர்னெட் ஷோ’ ஒளிபரப்பானது. முப்பது வாரம் ஓடினால் போதும் என்று தொடங்கிய நிகழ்ச்சி பதினோரு பருவங்கள் ஓடி, 1978 மார்ச் 29 அன்று முடிந்தது. மொத்தம் 25 எமி விருதுகள்.

பல்சுவை நிகழ்ச்சி என்றால் பாட்டு, நடனம், விருந்தினர், குறுநாடகங்கள் எல்லாம் கலந்தது. மேடைப் பார்வையாளர்கள் முன்னால், லாஸ் ஏஞ்சலஸில் சிபிஎஸ் தொலைக்காட்சி நகரத்தின் 33ஆம் அரங்கில், வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு முறை நடித்துப் பதிவு செய்வார்கள். நல்லதை எடுத்துத் தொகுப்பார்கள். நாடகம்போலத் தடங்கலில்லாமல் நடத்த வேண்டும் என்பதில் கேரல் கண்டிப்பாக இருந்தார். நடிகர் வசனத்தை மறந்தாலோ சிரித்துவிட்டாலோ ‘கட்’ சொல்வதில்லை. இந்த ஒரு முடிவால் வந்த பலன் பெரியது. நிகழ்ச்சியின் நடிகர்களில் ஒருவரான டிம் கான்வே ஒத்திகைப் பதிவில் எழுதியபடியே நடித்துவிட்டு, இரண்டாம் பதிவில் யாரிடமும் சொல்லாத ஒன்றைப் புகுத்துவார். பல் மருத்துவர் குறுநாடகத்தில் மரத்துப்போகச் செய்யும் ஊசியைத் தனக்கே தவறுதலாகக் குத்திக்கொண்டு கையும் காலும் மரத்துத் தொங்க அவர் படும் பாட்டைப் பார்த்து, நாற்காலியில் நோயாளியாகக் கிடக்கும் சக நடிகர் ஹார்வி கோர்மன் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மறைக்கத் திண்டாடுவார். அரை நூற்றாண்டு கடந்தும் மக்கள் அதைத் தேடிப் பார்ப்பதற்குக் காரணம் அந்த வெட்டாத சிரிப்புதான்.

ஆனால் தொகுப்பாளராக அவருடைய தனி முத்திரை குறுநாடகங்களில் இல்லை, அதற்கு முன்னால் வரும் சில நிமிடங்களில் இருக்கிறது. வேடம் போட்டுக்கொண்டு ஒளிந்துகொள்பவர் அவர். வேடமில்லாமல் நீங்கள் யார் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும், பார்வையாளர்களோடு நேரடியாகப் பேசுங்கள் என்று தயாரிப்புக் குழுவில் யோசனை வந்தது. கேரலுக்குப் பயம். யாருமே கேள்வி கேட்காவிட்டால்? கேட்பதற்குப் பதில் வராவிட்டால்? முன்கூட்டியே ஆள் வைத்துக் கேட்கச் சொல்லலாமா என்றால் அதற்கும் மறுத்தார். விளக்குகளைப் போடச் சொல்லிவிட்டு, திரைக்கு முன்னால் தனியாக நின்று, யார் கை உயர்கிறதோ அவரைக் கேட்கச் சொன்னார்.

நீங்கள் அந்தப் பகுதிகளைப் பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். கேள்வி வந்ததும் அவர் உடனே பதில் சொல்வதில்லை. கேட்டவரை முழுதாகப் பார்க்கிறார், உடம்பைச் சற்று முன்னே சாய்க்கிறார், கேட்டவரிடமே ஒரு சின்னக் கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார். சிரிப்பு பெரும்பாலும் அவர் பதிலில் பிறப்பதில்லை; வந்திருப்பவரின் வெட்கத்திலோ அசட்டுத் துணிச்சலிலோ பிறக்கிறது. யாரையும் அவமானப்படுத்தி ஒரு சிரிப்புக்கூட அங்கே நான் பார்த்ததில்லை. மேடை நகைச்சுவையில் முன்வரிசைக்காரரைக் கிண்டலடிப்பது சுலபமான வழி. கைப்பையில் பலகாரம் திணித்துக்கொண்டு பிடிபட்ட அனுபவம் உள்ளவர் அந்த வழியில் போகவில்லை. பதினோரு ஆண்டுகள் முன்யோசனையின்றிப் பேசிய இந்தப் பழக்கம்தான், என் கருத்தில், அவருக்குப் பின்னாளில் எழுத்து நடையைக் கொடுத்தது. அவருடைய நூல்களைப் படித்தால் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கேள்விக்குப் பதில் சொல்வதுபோலவே இருக்கும்.

நடிப்பைப் பற்றி இரண்டே எடுத்துக்காட்டுகள். முதலாவது எல்லோரும் சொல்வது. 1976 நவம்பரில் ‘கான் வித் த விண்ட்’ திரைப்படம் அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சியில் முதன்முறையாக வந்தது. அதே மாதத்தில் இவர்கள் அதைக் கேலி செய்து ஒரு குறுநாடகம் போட்டார்கள். மூலப்படத்தில் போரில் எல்லாம் இழந்த நாயகி ஜன்னல் திரைச்சீலையைக் கிழித்து உடை தைத்துக்கொள்வாள். இவர்கள் எழுதிய பிரதியிலும் திரைச்சீலையை உடம்பில் அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு வருவதாகத்தான் இருந்தது. உடை வடிவமைப்பாளர் பாப் மெக்கிக்கு அது போதவில்லை. திரைச்சீலையைக் கழற்ற நேரமில்லாமல் அது தொங்கிய கம்போடு சேர்த்து அணிந்துவிட்டால்? பச்சை வெல்வெட், தங்கநிறக் குஞ்சங்கள், இரு தோள்களுக்கும் அப்பால் நீண்டு நிற்கும் கம்பு. கேரல் படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. நிமிர்ந்த கழுத்தோடு, தன்னைவிட நன்றாக உடுத்தியவர் உலகத்திலேயே இல்லை என்ற முகத்தோடு, ஒவ்வொரு படியாக இறங்கினார். சிரிப்பு அடங்கப் பொறுத்திருந்து, ஜன்னலில் பார்த்தேன், விட மனம் வரவில்லை என்ற பொருளில் ஒரு வசனம் சொன்னார். அந்த உடை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. கம்பு மெக்கியின் யோசனை. ஆனால் அந்தக் கம்பு அங்கே இருப்பதே தெரியாதவள்போல நடந்து வந்தது கேரலின் நடிப்பு.

இரண்டாவது எடுத்துக்காட்டை நான் இன்னும் உயர்வாக வைப்பேன். ‘தி ஃபேமிலி’ என்ற பெயரில் 1974 முதல் வந்த குறுநாடகங்கள். டிக் கிளேர், ஜென்னா மெக்மஹன் எழுதியவை. அடங்காத அம்மா ஒருத்தி, அவளை எப்படியாவது திருப்திப்படுத்திவிட வேண்டும் என்று துடித்து ஒவ்வொரு முறையும் தோற்கும் மகள் யூனிஸ். அம்மா வேடத்தை கேரலுக்கென்றுதான் எழுத்தாளர்கள் நினைத்திருந்தார்கள். படித்துப் பார்த்த கேரல், யூனிஸைத் தனக்கு எடுத்துக்கொண்டு, அம்மா வேடத்தை விக்கி லாரன்ஸுக்குக் கொடுத்தார். விக்கி அவரைவிடப் பதினாறு வயது இளையவர்! தன் பிறந்த மண்ணான டெக்ஸாஸ் பேச்சு வழக்கையும் கேரல் அதில் கொண்டுவந்தார். எழுத்தாளர்களுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. கேரலுக்கோ அந்த வீடு தெரிந்த வீடு. ஆசைப்பட்டது கைக்கு எட்டாமல் கசந்துபோன பெண்களை அவர் பக்கத்து அறையிலேயே பார்த்து வளர்ந்தவர். அந்தக் குறுநாடகங்களில் கைதட்டலுக்காக எழுதிய துணுக்குகள் குறைவு. ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள், சண்டை வருகிறது, சிரிக்கிறோம், சில இடங்களில் சிரிப்பு நின்றுவிடுகிறது. யூனிஸ் கத்தும்போது அவள் குரலின் அடியில் ஒரு குழந்தை அழுவது கேட்கும். பிறகு இதிலிருந்து 1983இல் ‘மாமாஸ் ஃபேமிலி’ என்ற தனித் தொடரும் கிளைத்தது.

விக்கி லாரன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. பள்ளியில் படிக்கும்போது, உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று தன்னை கேரல் ஜாடை என்று எழுதியதை வெட்டி வைத்து அவருக்கே கடிதம் போட்டார். கேரல் அந்த மாணவியைத் தொலைபேசியில் அழைத்து, அவள் கலந்துகொண்ட உள்ளூர்ப் போட்டிக்கே நேரில் போய்ப் பார்த்தார். மேடை அனுபவம் அதிகமில்லாத அந்தப் பெண்ணைத் தன் நிகழ்ச்சியில் சேர்த்து, பதினோரு ஆண்டுகள் கூடவே வைத்துக்கொண்டார். சான் டியாகோ அந்நியரின் நான்காவது நிபந்தனை நினைவுக்கு வருகிறதல்லவா?

நிகழ்ச்சியைத் தொடரச் சொல்லி சிபிஎஸ் கேட்டும், சலிப்புத் தட்டுவதற்குள் நிறுத்திவிடுவோம் என்று 1978இல் முடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டே ‘ஃப்ரெண்ட்லி ஃபயர்’ என்ற தொலைக்காட்சிப் படத்தில், வியட்நாம் போரில் சொந்தப் படையின் குண்டுக்கு மகனைப் பலிகொடுத்து, உண்மையைச் சொல்லுங்கள் என்று அரசிடம் மோதும் தாயாக நடித்தார். ஒரு துளிகூடச் சிரிப்பில்லாத வேடம். 1982இல் ‘ஆனி’ படத்தில் அநாதை விடுதியை நடத்தும் குடிகாரி மிஸ் ஹானிகன். படங்களை நான் விரைந்து கடக்கிறேன்; சினிமா அவரைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கடக்கக் கூடாதது ஒரு வழக்கு. 1976இல் ‘நேஷனல் என்குயரர்’ வார இதழ், வாஷிங்டன் உணவகம் ஒன்றில் கேரல் போதையில் ரகளை செய்து, அன்றைய வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கரோடு வாக்குவாதம் செய்தார் என்ற தொனியில் ஒரு துணுக்கு வெளியிட்டது. நடக்காத விஷயம். பிரபலங்கள் இப்படிப்பட்டவற்றைச் சகித்துக்கொண்டு போவதே அன்றைய வழக்கம். ஆனால் அம்மாவையும் அப்பாவையும் குடிக்குப் பறிகொடுத்தவரைக் குடிகாரி என்றால் எப்படிப் பொறுப்பார்? வழக்குப் போட்டார். 1981இல் நடுவர் குழு 16 லட்சம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. நீதிபதி அதைப் பாதியாக்கினார், மேல்முறையீட்டில் அது மேலும் குறைந்தது, கடைசியில் வெளியே சமரசமானது. ஹவாய் பல்கலைக்கழகத்திலும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலும் இதழியல் அறம் பயிற்றுவிக்க அவர் நன்கொடை கொடுத்தார். பத்திரிகையாளராக வேண்டும் என்று கல்லூரிக்குப் போன பெண் என்பதை நினைத்துப் பாருங்கள். தான் போகாமல் விட்ட தொழிலின்மீது அவருக்கு இருந்த மரியாதையை நான் அந்த நன்கொடையில்தான் பார்க்கிறேன்.

எழுத்தாளர் கேரல் முழுதாக வெளிப்படுவது 1986இல், ‘ஒன் மோர் டைம்’ நூலில். மகள்களுக்கு எழுதும் கடிதமாகத் தொடங்குகிறது அது. புகழடைந்த பின் வந்த விருந்துகள், விருதுகள், சக நட்சத்திரங்கள் பற்றிய வம்புகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். நூலின் பெரும்பகுதி பாட்டி, அம்மா, அந்த ஒற்றை அறை. அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை, தியாகியாகவும் ஆக்கவில்லை. குடித்துவிட்டுக் கத்தும் அம்மாவும் யுகுலேலே என்ற சிறு நரம்புக் கருவியை எடுத்துப் பாடும் அம்மாவும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். சிறுமிக்கு அப்போது எவ்வளவு புரிந்ததோ அந்த அளவு மட்டுமே சொல்லிவிட்டு, வளர்ந்தவரின் தீர்ப்பைப் பின்னால் நிறுத்திவைக்கிறார். நகைச்சுவை நடிகைக்குத் தெரிந்த நிதானம் அது: எங்கே நிறுத்த வேண்டும் என்ற கணக்கு.

அந்த நூலைப் படித்த மூத்த மகள் கேரி ஹாமில்டன், இதை நாடகமாக்கலாம் அம்மா என்றார். கேரி பதின்ம வயதில் போதைப் பழக்கத்தில் சிக்கி மீண்டவர். நடிகை, பாடகி, எழுதக்கூடியவர். குடும்பத்தின் அந்தப் போராட்டத்தை மறைக்காமல் பொதுவெளியில் பேசியவர்களில் கேரலும் கேரியும் முன்னோடிகள். இருவரும் சேர்ந்து எழுதிய நாடகம் ‘ஹாலிவுட் ஆர்ம்ஸ்’. இயக்கியவர் ஹரால்ட் பிரின்ஸ். 2002 ஜனவரியில் கேரி புற்றுநோயால் இறந்தார், வயது 38. சில மாதங்களில் சிகாகோவின் குட்மன் அரங்கில் நாடகம் மேடையேறியது, ஆண்டின் இறுதியில் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேக்கு வந்தது. கேரலின் அம்மாவாக நடித்த மிஷெல் பாக்குக்கு நாடகத்துக்கான டோனி விருது கிடைத்தது. பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை வாழ்ந்த அந்த இடத்தை, அந்த மகளும் அவர் மகளும் சேர்ந்து எழுதி மேடையில் கட்டினார்கள். கட்டி முடித்தபோது ஒருவர் இல்லை. 2013இல் வந்த ‘கேரி அண்ட் மீ’ நூலில் இருவரும் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களையும், கேரி முடிக்காமல் விட்டுப்போன கதையையும் சேர்த்திருக்கிறார். தன் எழுத்தைக் குறைத்துக்கொண்டு மகளின் எழுத்துக்கு இடம் விட்ட நூல் அது.

இவற்றுக்கிடையே 2010இல் துணுக்குத் துணுக்காக நினைவுகளைச் சொல்லும் ‘திஸ் டைம் டுகெதர்’, 2016இல் நிகழ்ச்சி உருவான விதத்தைச் சொல்லும் ‘இன் சச் குட் கம்பெனி’. பின்னதை அவரே வாசித்த ஒலிநூலுக்கு கிராமி விருது கிடைத்தது. ஜனாதிபதி வழங்கும் சுதந்திரப் பதக்கம் 2005இல் வந்தது, நகைச்சுவைக்கான மார்க் ட்வைன் பரிசு 2013இல். கோல்டன் குளோப் அமைப்பு 2019 முதல் தொலைக்காட்சிச் சாதனைக்கான விருதை அவர் பெயரிலேயே கொடுக்கிறது. 2022இல் ‘பெட்டர் கால் சால்’ தொடரில் மரியன் என்ற மூதாட்டி. மோசடிக்காரனை அடையாளம் கண்டுகொள்ளும் அந்தக் காட்சியில் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பாருங்கள். பிறகுதான் நீங்கள் பார்த்த நோர்மா. நினைவிழந்து படுக்கையில் கிடக்கும் பெண்ணாகத் தொடங்கி, தெளிவான ஒரு சொல்கூட வராத நிலையிலும் சிரிக்க வைக்கிறார். அந்தத் தொடர் வந்தபோது அவருக்கு 90 வயது.

எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில்: நூலில் தொடங்காதீர்கள், புகழ்பெற்ற திரைச்சீலைக் காட்சியிலும் தொடங்க வேண்டாம். முதலில் கேள்வி பதில் பகுதிகள் நான்கைந்து பாருங்கள், ஆள் யாரென்று தெரியட்டும். அடுத்து யூனிஸ் வரும் குறுநாடகங்களில் இரண்டு. அதன்பின் ‘ஒன் மோர் டைம்’ படியுங்கள். படித்து முடித்ததும் மறுபடி யூனிஸைப் பாருங்கள், வேறொரு நாடகம் பார்ப்பதுபோல இருக்கும். கடைசியாக அவருடைய நிகழ்ச்சியின் ஏதாவது ஒரு முழுப் பகுதியை எடுத்து, முடியும்வரை அணைக்காமல் இருங்கள். விடைகொடுக்கும் பாட்டைப் பாடிவிட்டு அவர் இடது காதை ஒருமுறை இழுப்பார். பாட்டி இறந்த பிறகும் அதை அவர் நிறுத்தவில்லை.